ஜவ்வாது மலைக்கு வண்டி எடுக்கும் முன்

விடுமுறை வந்தால் போதும், ‘ஏலகிரியில் ஒரே கூட்டம், ஜவ்வாது மலையில் ஆளே இல்லை, கிளம்புங்கள்’ என்று நம்ம வேலூர்ப் பக்கத்துப் பசங்க வீடியோ போட ஆரம்பித்துவிடுகிறார்கள். யார் சொன்னது ஆளே இல்லையென்று? மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் இல்லை) தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து, தேன் எடுத்து, புளி உலுக்கி வாழ்கிற மலை அது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் மேலே ஏறுகிற ரோடு யாருக்காகப் போட்டது என்பதை மறக்காமல் போங்கள். 2023 மே மாதம் இதே ஜவ்வாது மலைத்தொடரில் இருக்கிற அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது, திரும்பும்போது வண்டி ஏற வழியில்லாமல் பெற்ற தாயே அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். அப்படிப்பட்ட மலையில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை இருக்கிறதென்றால், அதில் கொண்டை ஊசி வளைவில் காரைக் குறுக்கே நிறுத்தி போட்டோ எடுப்பதை என்னால் சின்னத் தப்பாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. பின்னால் பிரசவ வலியோடு ஒரு பெண் ஜீப்பில் வந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் பாட்டில். குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைக்கிறார்கள். அறுத்த சாமைக் கதிரைக் கொண்டுவந்து காயப்போடுகிற பாறை அது. சில்லு கதிரோடு கலந்தால் புடைத்துப் பிரிப்பதற்குள் கை கிழியும். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்க போட்டுட்டுப் போயிடறீங்க சாமி, எங்க மாட்டுக் காலுலதான் ஏறுது.” எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

இரவில் தங்குகிறவர்கள் இதே மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற தொலைநோக்கியிலும் 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றியுள்ள வளையங்களுக்கான தடயம் பதிவானது, 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வேலை செய்கிறது. நம்ம ஆலங்காயம் பக்கத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது எவ்வளவு பெருமை! அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இருட்டும் ஒரு காரணம். அதைச் சுற்றி ஃபோகஸ் லைட்டு, லேசர் லைட்டு எல்லாம் எதற்கு? வெயில் காலத்தில் காய்ந்த புல்லுக்கு நடுவே கேம்ப் ஃபயர் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பொறி போதும்.

சாப்பாட்டை வேலூரிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு போய், காகிதத்தையும் கவரையும் மட்டும் மலைக்குக் கொடுத்துவிட்டு வருவது என்ன நியாயம்? அங்கேயே ஒரு சின்னக் கடையில் சாப்பிடுங்கள். சாமை அரிசி, தேன், பலாப்பழம் வாங்குங்கள். சாமைக்கு உமி நீக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதனால் கேட்கிற விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம். பிள்ளைகளைப் படம் பிடிப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டாரிடம் கேளுங்கள். முடியாது என்று சொன்னால், சரி என்று கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்த வாரம் பீமன் அருவிக்குப் போகிறவர்கள் வண்டியில் ஒரு காலிச் சாக்கு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குப்பையோடு வழியில் கிடப்பதையும் அள்ளிக் கீழே கொண்டுவந்துவிடலாம். கூட வர ஆளில்லை என்றால் கமெண்டில் சொல்லுங்கள், நான் வருகிறேன்.