குப்பைமேட்டுக்கு அடியில் கரி போடுங்கள், ஆனியிலேயே

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கமெல்லாம் மணல் பூமி. சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடம் நிரப்புகிற ஊர்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. அந்த ஊற்றுக்கு மேட்டுப் பக்கமாகச் சாணத்தையும் ஆட்டுப்புழுக்கையையும் வெறும் மணலில் குவித்து வைக்கிறோம். ஐப்பசி மழையில் அதன் சாறு வேறெங்கே போகும்?

இயற்கை உரம்தானே, தண்ணீரைக் கெடுக்காது என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். யூரியா மூட்டையோ ஆட்டு மூத்திரமோ, மண்ணுக்குள் போனால் அதன் தழைச்சத்தில் பெரும்பங்கு, தண்ணீரில் கரைந்து ஓடும் நைட்ரேட்டாகத்தான் மாறும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் போகாது.

அந்தச் சாறு மண்ணுக்குள் இறங்காமல் பிடித்து வைக்கத்தான் எருவுக்கு அடியிலும் இடையிலும் கரி. நம் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி மூடிச் சுடும் மூட்டத்தைப் பிரித்ததும் கட்டிக்கரி லாரி ஏறிவிடும், தூள் அங்கேயே கிடக்கும். அந்தத் தூள் போதும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டி, சோப்புக்கும் போகவில்லையென்றால் சரியாக வேகாத கரி; தார் இருக்கிறது, வேண்டாம். வெள்ளைச் சாம்பல் அதிகம் கலந்ததும் வேண்டாம். சாம்பலின் காரம் ஏறினால் சாணத்திலுள்ள சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சொந்தமாகக் குழி வெட்டிச் சுடுகிறவர்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீரால் அணைக்காதீர்கள், அந்த உப்பு கரியோடு வயலுக்கு வந்து சேரும். நல்ல தண்ணீர் இல்லையென்றால் மண்ணைப் போட்டு மூடி அணைக்கலாம்.

பலரும் கோட்டை விடுவது ஒரு இடத்தில்தான். பச்சை எருவிலிருந்து முதலில் வருவது அம்மோனியம், அதுதான் பிறகு நைட்ரேட்டாக மாறும். மரக்கரி அம்மோனியத்தைப் பிடிக்கும், நைட்ரேட்டைப் பெரிதாகப் பிடிக்காது. எரு பச்சையாக இருக்கும்போதே கலந்தால்தான் பலன். மட்கிய எருவை இறைத்துவிட்டு அதன்மேல் வெறும் கரியைத் தூவினால் பாதி காற்றில் போகும், மீதி முதல் மழையில் மிதந்து கண்மாய்க்குப் போகும். கரி போட்டால் உரமே தேவையில்லை என்று சொல்லி விற்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

கிணறு, ஊருணிக்குத் தள்ளி மேடான இடமாகப் பாருங்கள். கரித்தூளை நனைத்துவிட்டுத்தான் அள்ள வேண்டும், காய்ந்த தூள் நெஞ்சுக்குள் போகும். தரையில் அரை அடி பரப்புங்கள். அதன்மேல் ஒரு அடி பச்சை எரு, ஒரு தூவல் கரி, மறுபடியும் எரு. அடித்தளம் போக, பத்துக் கூடை எருவுக்கு ஒரு கூடை கரி. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். மேலே பனையோலை மூடி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடித்தளக் கரியைக் கலைக்காமல் புரட்டுங்கள். ஆனியில் ஆரம்பித்தால் புரட்டாசிக்குத் தயார்.

ஆட்டுக்கிடை போடும் காட்டில், ஆடு வருமுன் ஈரக்கரியை விசிறி, கிடை நகர்ந்த மறுநாள் காலையிலேயே மேலாக உழுதுவிட வேண்டும். தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ எரு என்றால், ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து வைப்பதே மணலுக்குச் சரி.

பாஸ்பரஸ் விஷயத்தில் இந்தக் கரி பெரிதாக உதவாது. அது வண்டலோடு ஓடை வழியே கடலுக்குப் போகும், பாசியை வளர்க்கும். அதைத் தடுக்க வரப்புதான் உயர வேண்டும்.

எரு அள்ளி முடிந்ததும் அடியில் கிடக்கும் கரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். மூன்று மாதச் சாறு குடித்த கரி அது. மழைக்கு முன் சுரண்டி எடுத்து மிளகாய்க் காட்டு மண்ணில் கலந்துவிடுங்கள்.