முடிவைச் சொல்லாதீர்கள், மாமா!

(ஊர் நூலகத்துச் சிறுவர்கள் நடத்தும் கையெழுத்து இதழுக்கு 200 சொற்களில் ஒரு திரைவிமர்சனம் எழுதித் தருமாறு, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் முழுநீளத் தாளில் ஆறு பக்கங்கள் எழுதி முடித்துவிட்டு, ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகள் கயலைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்.)

மாமா: எம். மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'யைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கவனமாகக் கேள். "நுகர்வியப் பண்பாட்டின் பகட்டுக்கும் விளிம்புநிலை வாழ்வின் யதார்த்தத்துக்கும் இடையிலான முரணியக்கத்தை, பீட்சா என்னும் குறியீட்டின் வழியாகக் கட்டுடைக்கும் இத்திரைப்படத்தின் இறுதிக் காட்சியில், சிறுவர்கள் இருவரும் அந்தப் பீட்சாவை வாயில் வைத்த மாத்திரத்தில்..."

கயல்: (காதுகளைப் பொத்திக்கொண்டு) நிறுத்துங்கள், மாமா! நான் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அது 2015 ஜூனில் வெளிவந்தபோது எனக்குச் சரியாக நடக்கக்கூடத் தெரியாது.

மாமா: விமர்சனம் என்றால் முடிவையும் சேர்த்துத்தானே ஆராய வேண்டும்?

கயல்: படத்தைப் பார்த்துவிட்டவர்களோடு உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆராயுங்கள். இனிமேல் பார்க்கப் போகிறவர்களிடம் முதல் வரியிலேயே முடிவைச் சொல்வது, விடுகதையைப் போடுவதற்கு முன்பே விடையைச் சொல்வது போலத்தான். அது போகட்டும், 'கட்டுடைக்கும்' என்கிறீர்களே, படத்தில் யாருக்காவது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்களா?

மாமா: (மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, விடை தெரியாத நேரங்களில் எல்லா மாமாக்களுக்கும் கண்ணாடி அழுக்காகிவிடுகிறது) அது ஒரு கலைச்சொல், அம்மா.

கயல்: கலைச்சொல் அங்கேயே இருக்கட்டும். அந்தப் பையன்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மாமா: சென்னையில் ஒரு குடிசைப் பகுதியில், அம்மாவோடும் பாட்டியோடும் வாழும் அண்ணன் தம்பி அவர்கள். அப்பா சிறையில் இருக்கிறார். மரத்தில் ஏறிக் காக்கைக் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துக் குடிப்பதால், ஒருவன் பெரிய காக்கா முட்டை, மற்றவன் சின்ன காக்கா முட்டை. அந்த மரத்தை வெட்டிவிட்டு, அவர்கள் விளையாடிய இடத்தில் ஒரு பீட்சா கடையைக் கட்டிவிடுகிறார்கள். ஒரு பீட்சாவின் விலை கிட்டத்தட்ட 300 ரூபாய். இவர்களோ ரயில் பாதையோரத்தில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுச் சில்லறை சேர்க்கிறவர்கள்.

கயல்: கேட்கும்போதே அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதே! இதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

மாமா: எழுதியிருக்கிறேனே. ஐந்தாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள்.

கயல்: அப்படியானால் முதல் நான்கு பக்கங்களில் என்ன இருக்கிறது?

மாமா: முதல் இரண்டில் இத்தாலிய நவயதார்த்தவாதம், மூன்றாவதில் உலகமயமாக்கல். நான்காவதில், 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இது சிறந்த குழந்தைகள் படமாகத் தேர்வானதும், அண்ணன் தம்பியாக நடித்த விக்னேஷ், ரமேஷ் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான விருதைப் பெற்றதும் வருகின்றன.

கயல்: பையன்கள் விருது வாங்கியது மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை எடுத்துவிடுவோம். ஆறாம் பக்கம்?

மாமா: (பெருமையுடன்) சிறுவர்களுக்கான அறிவுரைகள், மொத்தம் பதினொன்று. அதிகாலையில் எழுவது, காய்கறிகளை ஒதுக்காமல் உண்பது, பெரியோர் சொல் கேட்பது...

கயல்: இதெல்லாம் படத்தில் வருகிறதா?

மாமா: இல்லை. தாளில் இடம் மிச்சமிருந்தது.

கயல்: மாமா, 2024இல் வந்த புதிய தணிக்கை விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யுஏ பிரிவில் 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். உங்கள் படத்தைச் சின்னக் குழந்தைகள்கூடப் பார்த்துவிடுவார்கள். உங்கள் விமர்சனத்துக்குத்தான் 16+ போட வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

மாமா: பீட்சா வாங்க வழியில்லாமல் தவிக்கும் பேரன்களுக்காக, கடைக்காரர்களின் துண்டறிக்கையில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பாட்டி தோசைமாவின்மேல் காய்கறிகளைப் பரப்பித் தானே ஒரு பீட்சாவைச் சுட்டெடுப்பாள் பார், அங்கே நான் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து முடித்த பிறகு, ஏனோ தொண்டை அடைத்துக்கொண்டது.

கயல்: (வேகமாக எழுதியபடி) தேநீர், மூக்கு, தொண்டை. மிகவும் நன்றாக இருக்கிறது. உங்களுக்குக் கொட்டாவி வந்த இடம்?

மாமா: தேசிய விருது பெற்ற படத்தில் அதையெல்லாம் சொல்லலாமா?

கயல்: விருது கொடுத்தவர்களுக்கு வராத கொட்டாவி உங்களுக்கு வந்திருந்தால், அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

மாமா: (குரலைத் தாழ்த்தி) பிற்பாதியில் அரசியல்வாதிகளும் தொலைக்காட்சிக்காரர்களும் ஓயாமல் பேசும்போது, கொஞ்ச நேரம் பையன்களைத் தேட வேண்டியிருந்தது.

கயல்: அதையும் எழுதிவிட்டேன். (விரல்விட்டு எண்ணுகிறாள்) மொத்தம் 196 சொற்கள். இன்னும் நான்குதான் மிச்சம்.

மாமா: அந்த நான்கில் முடிவைச் சுருக்கமாக...

கயல்: கூடவே கூடாது. "படம் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்." சரியாக நான்கு. இத்தனை நேரமும் பீட்சாவைப் பற்றியே பேசிப் பசி வந்துவிட்டது. எனக்கு ஒன்று வாங்கித் தாருங்கள், மாமா.

மாமா: உள்ளே உன் பாட்டி தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது பீட்சா எதற்கு? அவ்வளவு பாடுபட்டுப் பீட்சாவைத் தின்றுபார்த்த அந்தப் பையன்களே, கடைசியில் ஆயா சுட்ட தோசைதான் மேல் என்று...

(மாமா வாயைப் பொத்திக்கொள்கிறார். கயல் ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து, கடைசி வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதுகிறாள்.)

மாமா: (எட்டிப் பார்த்துப் படிக்கிறார்) "என் மாமாவிடம் மட்டும் கேட்காதீர்கள்." என்ன கயல் இது, 200 சொற்களைத் தாண்டிவிட்டதே!