ஜிலேபி மீனுக்கு எதற்கு ஹெவி ராட் (தடித்த தூண்டில் கம்பு)?
“மதுரை வண்டியூர் கண்மாயில் ஜிலேபி (திலாப்பியா) பிடிக்கவே ஹெவி ராடும் நரம்பு சுற்றும் பெரிய ரீலும் வேண்டும், மூங்கில் கம்பெல்லாம் வீண்” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். விரால், கட்லாவுக்கு என்றால் சரி. கையகல ஜிலேபிக்கு அது தப்பு. ஜிலேபி இரையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும். விறைப்பான ராடில் அந்த அசைவு கைக்கே வராது. நுனி வளைகிற 6 அடி லைட் ராடும் 0.20 மி.மீ. தூண்டில் நரம்பும் போதும். தூண்டில் முள் 8 அல்லது 10ஆம் நம்பர் (நம்பர் கூடினால் முள் சிறுக்கும், கடையில் ஏமாறாதீர்கள்). ஆகாயத்தாமரை மண்டிய கரையில் ரீலே இல்லாத 12 அடி மூங்கில்தான் என் கட்சி. செடி இடுக்கில் தக்கையை நேராக இறக்கலாம். மீன் கடித்ததும் செடிக்குள்ளே ஓடவிடாமல் அப்படியே தூக்கலாம். அப்புறம், மீன் பிடிக்கக் குத்தகைக்கு விட்ட கண்மாய் என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.