ஃப்ளெரி பேய் ஊர் இல்லை

பிரான்சில் வெர்டன் பக்கம் இருக்கும் ஃப்ளெரிக்குப் போய், 'பேய் ஊர்' என்று தலைப்புப் போட்டு ஒரு தம்பி எடுத்த வீடியோவை நேற்றிலிருந்து ஒரு பதினைந்து பேராவது எனக்கு அனுப்பியிருப்பீர்கள், "அக்கா, உங்க பக்கம்தானே இது?" என்று. பாதியில் மூடிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஃப்ளெரி பேய் ஊர் இல்லை தம்பி. பிழைப்புத் தேடி ஜனங்கள் போய்விட்டு, வீடெல்லாம் பூட்டிக் கிடந்தால் அதைப் பேய் ஊர் என்று சொல்லுங்கள். இங்கே பூட்டுவதற்கு ஒரு கதவுகூட மிஞ்சவில்லை. 422 பேர் வாழ்ந்த ஊர். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21 அன்று வெர்டன் சண்டை ஆரம்பித்தது, அந்த வருஷம் ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் மட்டும் இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் ஜெர்மானியர் கைக்கும் 16 முறை மாறியது. வீடியோவில் நீங்கள் ஓடிவந்து குதித்துக் கத்தினீர்களே, அது குண்டு விழுந்த பள்ளம். அடியில் யார் கிடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே துவோமோனில் ஒரு எலும்பு மண்டபம் இருக்கிறது, பெயர் தெரியாத 1,30,000 வீரர்களின் எலும்புகள் அங்கே. அதையும் காட்டியிருக்கலாம்.

"ஆள் இல்லாத ஊரை வேறு எப்படிச் சொல்வதாம்?" என்று கேட்பீர்கள். 'பிரான்சுக்காக உயிர்விட்ட ஊர்' என்று இந்த நாடு சொல்கிறது. செத்துப்போன சிப்பாய்க்குச் சொல்கிற அதே வார்த்தை. அப்படி ஒன்பது ஊர்கள். ஆறில் இன்றைக்கும் குடியிருப்பவர் பூஜ்யம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர், அதாவது மேயர், இருக்கிறார்! ஓட்டுப் போட ஆள் இல்லை என்பதால் மாவட்ட நிர்வாகம் நியமிக்கிறது. போனவர்கள் திரும்ப வர மனசில்லாமல் இருந்துவிடவில்லை. மண் முழுக்க வெடிக்காத குண்டு, விஷம். ஏர் பூட்ட முடியாது என்று அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கொண்டு மரம் நட்டுவிட்டது.

அம்மா புதுச்சேரியிலிருந்து வந்திருந்தபோது அங்கே அழைத்துப் போனேன். மரங்களுக்கு நடுவே தரை மேடும் பள்ளமுமாகப் போகும், நடைபாதை ஓரத்தில் அங்கங்கே எந்த இடத்தில் என்ன இருந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது, ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம். கொல்லர். ரொட்டிக் கடை. அங்கே நின்றுவிட்டார். "அடுப்பு எந்தப் பக்கம்டி இருந்திருக்கும்?" என்றார். புல்தான் இருந்தது. நான் என்ன சொல்ல?

"வீடியோவால்தானே நாலு பேருக்குத் தெரிந்தது" என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன தெரிந்தது? பேய் இருக்கிறது என்று தெரிந்தது. 422 பேர் இருந்தது தெரிந்ததா?

"வெள்ளைக்காரன் ஊருக்கு உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் குடும்பம். அப்பாவின் தாத்தா அந்த முதல் போருக்குப் புதுச்சேரியில் கப்பலேறிப் போனவர். எந்த முனையில் நின்றார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, திரும்பி வந்தவர் பேசவே இல்லையாம். அவரோடு போய்த் திரும்பாதவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் ஒரு போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஜூலை 14 வந்தால் மாலை வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள், உள்ளே யார் பெயர் என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயசிலிருந்து எனக்கு அது வலிக்கும். நேற்று அந்தப் பள்ளத்தில் நீங்கள் குதித்தபோதும் அதேதான் வலித்தது.

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை தம்பி. தலைப்பை மாற்றுங்கள். ஊருக்குப் பெயர் இருக்கிறது, அதைப் போடுங்கள்.