நாய்க்கு எல்லாம் தெரியுமாம்

"நாய் தனக்கு ஆகாததைத் தின்னாது, அதுக்குத் தெரியும்." வன்னியில எந்தப் படலையடியில நிண்டு கதைச்சாலும் இந்த வசனம் வந்துவிடும். சொல்லுற ஆக்கள் பொய் சொல்லேல்ல. அவை கண்ட நாய் அப்பிடி. கதியால் வேலிக்குள்ளால பூந்து வயல், குளக்கட்டு, ஒழுங்கை எல்லாம் சுத்தி வரும். வயிறு சரியில்லையெண்டால் அறுகம்புல்லைக் கடிச்சுச் சத்தியெடுத்துப்போட்டு மாமரத்துக்குக் கீழ போய்ப் படுக்கும். பூக்கண்டு சப்ப அதுக்கு எங்க நேரம்?

இப்ப வளக்கிற நாய் அது இல்ல. மீள்குடியேறி, வீட்டுத்திட்ட வீடு எழும்பி, மதில் வந்து, கேற்றும் போட்டாச்சு. நாய் சங்கிலியில. அதுக்கு எட்டுற தூரத்தில நர்சரியில வாங்கின சாடிகள் வரிசையா. பல்லு முளைக்கிற குட்டி, பகல் முழுக்கக் கட்டிக் கிடந்தால் செருப்பு, தும்புத்தடி, சாக்கு எண்டு எது வாயில பட்டாலும் சப்பும். இலையை மட்டும் விடுமோ?

நாய்க்கு ஆகாத செடிகள் எண்டு பட்டியல் பகிருறதில எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல. கனடாவில இருந்து மச்சாள் ஒருத்தி அனுப்பினா: டியூலிப், டஃபோடில், அசேலியா. அந்த ஊருக்கு அது சரி, மூண்டும் நாய்க்கு ஆகாதுதான். வட்டக்கச்சியில ஆற்ற வளவில டியூலிப் நிக்குது? எங்களுக்கு வேணுமானது எங்கட வளவில நிக்கிறது என்ன எண்டு தெரியிறது. பேர் தெரியாத கண்டை நாய் கட்டுற இடத்தில வைக்கக்கூடாது. என்ர கட்சி அவ்வளவுதான்.

அலரியையே எடுங்கோ. பூசைக்கு ஆயிற சிவப்பு, வெள்ளை அலரியும் அலரிதான், மணி மாதிரிப் பூக்கிற மஞ்சளும் அலரிதான், கொழும்பு அலரி மாளிகைக்குப் பேர் குடுத்த மரமும் அலரிதான். முதல் ரெண்டும் இதயத்தைத் தாக்கிற நஞ்சு. மாளிகைக்காரர் அவ்வளவு மோசமில்ல, அதின்ர பால் வாயையும் வயித்தையும் கெடுக்கும். எப்பிடிப் பிரிச்சறியிறது? பூவைப் பாக்காதேங்கோ, இலையைப் பாருங்கோ. சிவப்பலரிக்குத் தடிச்ச நீட்டு இலை, ஒரு கணுவில பெரும்பாலும் மூண்டு மூண்டா நிக்கும். மஞ்சளுக்கு மெல்லிசா, மினுங்கலா, ஒண்டொண்டா கொப்பைச் சுத்திப் போகும். காய் பச்சையா மூலை வைச்சிருக்கும், பழுத்தால் கறுக்கும். அந்த விதை மனிசரை என்ன செய்யும் எண்டு வடக்கில ஆருக்கும் புதுசா சொல்லத் தேவையில்ல. மாளிகைக்காரருக்குக் கொப்பு மொத்தம், இலை அகலம், எல்லாம் கொப்பின்ர நுனியில கூட்டமா நிக்கும்.

இதில ஆக்கள் கவனிக்காத ஒண்டு: அலரி இலை காஞ்சாலும் நஞ்சு போகாது. கொப்பை வெட்டிக் குப்பைக் குவியலில போடுவினம். நாய் அந்தச் சருகுக்கு மேலதான் படுக்கும்.

புது வீடுகளில இப்ப ஒரு சாடி கட்டாயம் நிக்குது, அடி பருத்து, ரோசாப் பூவோட. அடீனியம். நல்ல வடிவு, எங்கட வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும். அதுவும் அலரிக் குடும்பம்தான், அதே வகை இதய நஞ்சு. ஆபிரிக்காவில அம்பு நுனிக்குத் தடவ எடுத்த பால் அது. விக்கிறவர் உரம் எவ்வளவு போட வேணும் எண்டு சொல்லுவார், இதைச் சொல்லமாட்டார். அவருக்கும் தெரியாது, பாவம்.

"அப்ப பால் வடிஞ்சால் நஞ்சு" எண்டு ஒரு சுருக்குவழி சொல்லுகினம். பாதி சரி. அலரி, அடீனியம், எருக்கலை, கள்ளி எல்லாத்திலயும் பால் வரும். பலாவிலயும் வரும், பப்பாசியிலயும் வரும். ஊமத்தையிலயும் கார்த்திகைப்பூவிலயும் ஒரு சொட்டுப் பாலும் வராது.

கார்த்திகைப்பூவைப் பற்றிச் சொன்னால் சில பேருக்கு மனம் நோகும். எனக்கும் அந்தப் பூ எண்டால் பூ மட்டும் இல்ல. ஆனால் அந்தக் கொடி முழுக்கக் கொல்ச்சிசின் எண்ட நஞ்சு, கிழங்கிலயும் விதையிலயும் கனக்க. மாரி தொடங்க வேலிக்கரையில தானா முளைக்கும். பூக்க முதலே அடையாளம் பிடிக்கலாம்: இலையின்ர நுனி நூல் மாதிரி நீண்டு சுருண்டு, பக்கத்தில இருக்கிறதைப் பிடிச்சுக்கொண்டு ஏறும். கிண்டிப் பாத்தால் கிழங்கு கவர்விட்டுக் கலப்பை மாதிரி கிடக்கும், கலப்பைக்கிழங்கு எண்ட பேர் அதாலதான். வத்தாளை எண்டு நினைச்சு மனிசரே அவிச்சுத் தின்று செத்திருக்கினம். மழை பெஞ்சு மண் இளகினால் நாய் எங்க கிண்டும் எண்டு உங்களுக்குத் தெரியும், வேலிக்கரையிலதான். கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லேல்ல. நாய் போகாத பக்கமா விடுங்கோ, இல்லையெண்டால் சுத்திவரக் கம்பி வலை அடியுங்கோ.

அடுத்த கதை ஆட்டுக்கதை. "ஆடு தின்னுது, நாய்க்கு என்ன?" ஆடு அசைபோடுற சீவன், அதின்ர வயிறு வேற. கிளிசரியா குழையை எங்கட ஆடுகள் அடிபட்டுத் தின்னுதுகள். அதே மரத்தின்ர பட்டையையும் இலையையும் மத்திய அமெரிக்காவில எலிக்கு நஞ்சா வைச்சிருக்கினம். அதை விடுங்கோ, பச்சை மரவள்ளி இலை திண்டு ஆடே விழுந்த வளவுகள் இல்லையா?

பயப்படத் தேவையில்லாததையும் சொல்ல வேணும். செவ்வரத்தை, மல்லிகை, றோசா, வாழை, தென்னை எல்லாம் நிக்கட்டும். மணி பிளான்ட், சேம்பு வகைகளைக் கடிச்சால் வாய் எரிஞ்சு வீணி வடியும், முகத்தைக் காலால தேய்க்கும், நாய் ஒரு பாட்டம் அழும். உயிர் போறது அரிது. பட்டிப்பூ விசயம் வேற. புற்றுநோய்க்குக் குடுக்கிற வின்கிறிஸ்ரின் அதில இருந்துதான் எடுக்கினம், உள்ள போனால் நல்லதில்ல. கைப்பு எண்டபடியால் கனக்கத் தின்னாது. குன்றிமணி கொட்டிக் கிடந்தால் கூட்டி அள்ளுங்கோ: முழுசா விழுங்கினால் அப்பிடியே வெளிய வரலாம், கடிச்சு உடைச்சால் ஆபத்து.

போனில பேர் பாக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். கூகிள் லென்ஸ், பிளான்ட்நெட் ரெண்டும் நல்ல சாமான், ஆனால் நீங்கள் குடுக்கிற படத்தின்ர தரம்தான் அது. எனக்கும் படம் அனுப்புவினம், பூவை மட்டும் கிட்டப் பிடிச்சு, பின்னால மாமி நிண்டுகொண்டு. இலை கொப்பில எப்பிடி ஒட்டியிருக்கு, காய் இருக்கா, முறிச்சால் பால் வருதா, அதை எடுங்கோ. ஒரு படத்துக்கு நாலு பேர் காட்டினால், நாலில மோசமானதுதான் உங்கட வளவில நிக்குது எண்டு வைச்சு நடந்துகொள்ளுங்கோ. நர்சரிக்காரரும் சாடியில ஒரு குச்சி குத்திப் பேரை எழுதி வைக்கலாம். விலையை மட்டும் எவ்வளவு துப்புரவா எழுதுகினம்!

திண்டுபோட்டுது எண்டால்? உப்புத்தண்ணி பருக்கிறது, எண்ணெய் ஊத்துறது, புளி கரைச்சுக் குடுக்கிறது எல்லாத்தையும் விடுங்கோ. உப்பே நாயைக் கொல்லும். மயங்கிற நாய்க்கு வாயில எதை ஊத்தினாலும் நுரையீரலுக்குள்ள போகும். வாயில கிடக்கிறதை எடுத்துப்போட்டு, திண்ட செடியில ஒரு கொப்பை, பூ காயோட, பையில போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிட்ட ஓடுங்கோ. "ஏதோ இலை திண்டது" எண்டால் அவர் என்னத்தைச் செய்யிறது? மனிசர் எண்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில நஞ்சுத் தகவல் நிலையம் ஒண்டு இருக்கு. எங்கட பக்கத்து மிருக வைத்தியருக்கு அரைவாசி நாள் மாட்டுப் பட்டியில போகும். வெளிக்கிட முதல் கோல் எடுத்து அவர் எங்க நிக்கிறார் எண்டு கேளுங்கோ. நம்பரை இண்டைக்கே போனில போட்டு வையுங்கோ.

மற்றதெல்லாத்துக்கும் வேலி, சாடி, உயரம் எண்டு ஒரு வழி இருக்கு. சைக்கஸ் ஒண்டுக்குத்தான் நான் இடம் குடுக்க மாட்டன். குட்டிப்பனை மாதிரி வடிவா முத்தத்தில வைக்கினமே, அது. இலை, வேர், விதை எல்லாம் நஞ்சு, விதை ஆக மோசம். ஒண்டு ரெண்டு விதை போதும், ரெண்டு மூண்டு நாளில ஈரலை அழிச்சுப்போடும். நாய்கள் அந்த விதையை விரும்பித் தின்னும் எண்டதுதான் கொடுமை. எங்கட நாய் அடுத்த முறை குட்டி போடேக்க, கேட்டு வாறவரின்ர முத்தத்தை முதலில எட்டிப் பாப்பன். சைக்கஸ் நிண்டால் குட்டி இல்ல, ஆர் கேட்டாலும்.