மிஷனுக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் சோறாக்கக் கற்றுக்கொடுங்கள்

கோலாலம்பூரில் நம் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பையன் மிஷனுக்கு, அதாவது விசுவாசத்தைப் போதிக்கும் முழுநேர ஊழியத்துக்கு, பெயர் கொடுத்துவிட்டால் வீடே திருவிழாக் கோலம்தான். அப்பா தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லப் பழக்குவார். அம்மா உபவாசம் இருப்பார். வெள்ளைச் சட்டையும் டையும் வாங்க மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு நடை போவார்கள். பாட்டி மெதடிஸ்டாக இருந்தாலும் இந்துவாக இருந்தாலும், "படிப்ப முடிச்சிட்டுப் போகக்கூடாதாய்யா" என்று கண் கலங்குவார். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பையனுக்கு ஒரு பானை சோறாக்கத் தெரியுமா, சட்டைக் காலரைத் துவைக்கத் தெரியுமா, கூட இருப்பவன்மேல் கோபம் வந்தால் அதைச் சொல்லத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் மிஷனில் திணறுவது பெரும்பாலும் விசுவாசக் குறைவால் அல்ல. வீட்டில் எந்த வேலையும் பழகாமல் போவதால்தான். ஜெபம் பண்ணத் தெரிந்த பிள்ளையை அனுப்புகிறோம், வாழத் தெரிந்த பிள்ளையை அனுப்புவதில்லை.

வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஊரில் 'மார்மன்' என்று சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை. 1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். 2012 முதல் ஆண்பிள்ளைகள் 18 வயதிலேயே போகலாம். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சம்பளம் கிடையாது, செலவுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது பெரும்பாலும் குடும்பம்தான்.

ஒரு மிஷனரியின் நாளைப் பாருங்கள். காலை 6:30க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், பசியாறல். பிறகு தனியாக வேதம் படிப்பது, அதன்பின் கூட ஊழியம் செய்யும் துணையோடு சேர்ந்து படிப்பது. சுமார் 10 மணிக்கு வெளியே கிளம்பினால் இரவு 9 மணிவாக்கில்தான் வீடு. 10:30க்கு விளக்கணைப்பு. அந்தந்த ஊருக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றிக்கொள்ள மிஷன் தலைவர்களுக்கு 2017இல் இடம் கொடுத்தார்கள். அது நம் ஊரைப் போன்ற இடத்துக்கு மிகவும் தேவையான மாற்றம். செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ காலை 10 மணிக்கு ஒரு ஃபிளாட்டில் யார் இருப்பார்கள்? பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். கொண்டோவில் வாசல் காவலரைத் தாண்டவே முடியாது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும். ஆட்கள் வேலை முடிந்து, ஜாமில் மாட்டி, வீட்டுக்கு வந்து முகம் கழுவ ஏழு ஏழரை ஆகிவிடும். ஆக உருப்படியாகப் பேசக் கிடைப்பது இரவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். நடுவில் கிடக்கும் அந்த நீளமான பகலில்தான் பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள். மனம் "நான் எதுக்கு இங்க வந்தேன்" என்று கேட்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். பகலை எப்படி நிரப்புவது என்று முன்பே யோசித்து வைத்திருப்பவன் தப்பித்துக்கொள்வான். முதியவர்களுக்கு உதவி, சபையார் அறிமுகப்படுத்தியவர்களைப் பார்ப்பது, போனில் செய்தி அனுப்பித் தொடர்பில் இருப்பது என்று வேலை இருக்கிறது. கதவு கதவாகத் தட்டுவதையே நம்பியிருந்தால் முதல் மாதத்திலேயே மனம் விட்டுப்போகும்.

அடுத்தது துணை. மிஷனரிகள் இரண்டு பேராகத்தான் இருப்பார்கள். ஒருவர் பார்வையிலும் காது கேட்கும் தூரத்திலும் மற்றவர் இருந்தாக வேண்டும். குளியலறைக்குப் போகும்போது மட்டும்தான் தனிமை. யாரோடு இருப்பது என்று கேட்க முடியாது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும், வராமலும் போகலாம். பிரச்சினை எப்போதும் வேதத்தில் தொடங்காது, சிங்க்கில் தொடங்கும். குழம்புச் சட்டியை "ஊற வச்சிருக்கேன்" என்று ஒருவர் மூன்று நாள் விட்டுவைப்பார். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடியும் படுப்பார். நம் பையன்களுக்குத் தெரிந்தது இரண்டு வழி: வாயை மூடிக்கொண்டு இருப்பது, இல்லாவிட்டால் வெடிப்பது. இதற்காகவே வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று மிஷனரி வழிகாட்டி நூல் சொல்கிறது. அந்தப் பேச்சை வீட்டிலேயே பழக்கலாம். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தால் அம்மா நடுவில் புகுந்து தீர்க்காமல், அன்றைக்கே, குரல் உயராமல், "நீ இப்படிச் செஞ்சது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று அவர்களையே சொல்ல வையுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. சமையல் தெரிந்திருக்கும். ஆனால் பெரியவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல நாம் பழக்கியிருக்க மாட்டோம். வீட்டில் ஓர் ஆண் மட்டும் இருந்தால் சகோதரிகள் (பெண் மிஷனரிகள்) உள்ளே போகக் கூடாது, ஒரு பெண் மட்டும் இருந்தால் எல்டர்கள் (ஆண் மிஷனரிகள்) போகக் கூடாது. "வெயில்ல ஏம்மா நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று ஓர் அங்கிள் அன்பாகக் கூப்பிடும்போது, சிரித்த முகத்தோடு மறுத்து, வேறொரு நேரம் கேட்டுவிட்டு வர தெம்பு வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். 1833இல் வந்த 'ஞான வார்த்தை' என்னும் நம் சபையின் ஆரோக்கிய விதிப்படி காப்பி, தேத்தண்ணி, மது, புகையிலை எதுவும் கூடாது. நம் ஊரில் இதுதான் தினசரிச் சோதனை, ஏனென்றால் தமிழர் வீட்டில் உபசரிப்பே ஒரு கிளாஸ் தேத்தண்ணிதான். தே தாரிக் கூடாது, தே ஓ லீமாவும் கூடாது. தே ஹாலியாவில் இஞ்சிதானே என்று பலர் ஏமாறுகிறார்கள், அதிலும் தேயிலை உண்டு. மைலோ, சிராப் பண்டோங், பார்லி, லீமாவ் ஐஸ் குடிக்கலாம். கிளாஸ் வந்த பிறகு மறுத்தால் போட்டுக் கொடுத்தவர் முகம் வாடிவிடும். உட்காரும்போதே "ஆன்ட்டி, பச்சத்தண்ணி போதும்" என்று முந்திக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை.

மாதத்துக்கு ஒரு தொகை கையில் கிடைக்கும். சாப்பாடு, போக்குவரத்து, சோப்பு எல்லாம் அதில்தான். மாமாக் கடையில் ஒரு வேளை, தாப்பாவ் ஒரு வேளை என்று போனால் மூன்றாம் வாரம் மெகிதான் கதி. ஆகவே போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே பிள்ளையிடம் அடுப்பைக் கொடுத்துவிடுங்கள். சோறு, பருப்பு, ஒரு முட்டைக் குழம்பு, ஒரு கீரை, ஒரு மீ கோரெங். இந்த ஐந்தும் கைக்கு வந்தால் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வான். வெள்ளைச் சட்டையின் காலரில் அன்றிரவே சோப்பு தேய்த்து வைக்காவிட்டால் மஞ்சள் கறை நிரந்தரமாகிவிடும். ஈரத்துணியை அறைக்குள் நெருக்கிப் போட்டால் பூஞ்சை வாடை ஏறும், காற்றாடிக்கு நேரே இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். நம் ஊரிலேயே ஊழியம் அமைந்தால் சப்பாத்து கயிறு இல்லாததாக இருக்கட்டும். வீட்டுக்கு வீடு வாசலில் கழற்றி மாட்ட வேண்டும், காலுறையில் ஓட்டை இருந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். விண்ணப்பப் பாரத்தை அனுப்பும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடைவாய்ப்பல் பிரச்சினையை வெளிநாட்டில் வைத்துக்கொள்வது நரக வேதனை.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம்: இரண்டு வேளை, ஏறக்குறைய 24 மணி நேரம், தண்ணீரும் இல்லாமல். மிச்சப்படும் பணத்தை ஏழைகளுக்கென உபவாசக் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். நம் வெயிலில் அன்றைக்கு அதிகம் நடக்கும் வேலை வைக்கக் கூடாது. நோய் உள்ளவர்களுக்குக் கட்டாயமில்லை. இதைச் சொல்லி அனுப்புங்கள், சில பிள்ளைகள் மயங்கி விழும்வரை மறைப்பார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு பேசுவோம். முஸ்லிம்களிடையே வேறு மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்கிறது 12(4). பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் நண்பன் ஆர்வமாகக் கேட்டாலும் பணிவாகப் பேச்சை மாற்ற வேண்டும். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது. இதில் கறாராக இருப்பதும் விசுவாசம்தான்.

சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் பிள்ளையைத் தயார்ப்படுத்துங்கள். "நீங்க கிறிஸ்தவங்களே இல்லயே" என்று மெதடிஸ்ட் மாமாவோ கத்தோலிக்க அத்தையோ சொல்வார்கள். மழுப்பக் கூடாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றானவர்கள் என்பது நம் நம்பிக்கை. மூவரும் ஒரே தேவன் என்று மற்றச் சபைகள் அறிக்கையிடும் நைசீன் விசுவாசப் பிரமாணத்தை நாம் ஏற்பதில்லை. வேதாகமத்தோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதம் என்கிறோம். நம் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, "ஆனாலும் இயேசுதான் என் இரட்சகர்" என்று சொல்லும் பிள்ளையிடம் யாரும் சண்டை போடுவதில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று பூசி மெழுகிவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்பவரிடம்தான் சண்டை. மார்மன் புஸ்தகத்தின் மரோனி 10ஆம் அதிகாரத்தில் வாசித்து, யோசித்து, தேவனிடம் கேள் என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு அதைச் சொல்லப்போகும் பிள்ளை, தான் கேட்டிருக்கிறானா? அப்பாவின் சாட்சியை மனப்பாடம் செய்துகொண்டு போனவன் முதல் கடினமான கேள்வியிலேயே தடுமாறுவான்.

அம்மாக்களுக்கு ஒன்று. 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடியோ அழைப்பு செய்யலாம். அந்த நேரத்தில் தாத்தா ஆஸ்பத்திரி, வீட்டுக் கடன், தங்கை சண்டை எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். என்ன சமைத்தான், துணையின் பெயர் என்ன, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால் அது அசட்டை செய்கிற விஷயமில்லை, மிஷன் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தால், தள்ளிப் போட அனுமதியைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி இடத்தை இழக்க வேண்டாம்.

கடைசியாக, எனக்கு ஆறாத விஷயம். சில பிள்ளைகள் உடல்நிலையாலோ மனநிலையாலோ இடையில் திரும்பி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி: "ஏன் வந்துட்டான், என்ன தப்புப் பண்ணினான்?" ஏர்போர்ட்டுக்கு மாலையோடு போனவர்கள் அவன் திரும்பி வரும்போது ஒளிந்துகொள்கிறார்கள். இது அநியாயம். வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை மிஷனும் உண்டு. அதுவும் முழு மிஷன்தான். அவனுக்கு அது ஒத்துவருமா என்று தலைவர்கள் பேசட்டும். நாம் செய்ய வேண்டியது சின்னது: காரணம் கேட்காதீர்கள், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், அடுத்த ஞாயிறு திருவிருந்து பரிமாறுகிறவர்களின் பட்டியலில் அவன் பெயரையும் சேர்க்கலாமா என்று தலைவரிடம் கேளுங்கள்.