மறதியையும் சேர்த்துப் பொருத்த வேண்டாம்
ஆக்ட்-ஆர் (ACT-R), சோர் (Soar) போன்ற, மனிதர் சிந்திக்கும் விதத்தைக் கணினியில் போலச் செய்யும் மன மாதிரிகளை ஆலைக் கட்டுப்பாட்டில் அப்படியே இறக்கிவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் உருவாக்கிய ஆக்ட்-ஆர், மனிதர் மறப்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. நினைவு எவ்வளவு வேகமாக மங்கும் என்பதைச் சொல்லும் தேய்வு மதிப்பு அதில் வழக்கமாக 0.5. ஒரே ஒருமுறை பார்த்த வால்வு அளவின் நினைவு வலிமை, முதல் நொடியில் இருந்ததைவிட 100-வது நொடியில் பத்தில் ஒரு பங்காகும். 10,000-வது நொடியில், அதாவது மூன்று மணி நேரம்கூட ஆகாமல், நூற்றில் ஒரு பங்கு. வருடத்துக்கு ஒருமுறை அடிக்கும் அலாரத்தை இதை நம்பி எப்படி விடுவது? தேய்வை நிறுத்தி வைத்தால், மிஞ்சுவது பெரும்பாலும் ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்கிற சாதாரண விதித் தொகுப்புதான்.

சோரில் சிக்கல் வேறு. வழி தெரியாமல் நின்றால் துணை இலக்கு வைத்துத் தீர்த்து, அந்தத் தீர்வைப் புது விதியாகச் சேமிக்கும். அப்படிச் சேர்ந்த சில விதிகள் இப்போதைய நிலைக்குப் பொருந்துமா என்று பார்க்கவே நேரம் போய்விடும்.

இந்த மாதிரிகளுக்குச் சரியான இடம், ஆலையை இயக்குபவர் பார்க்கும் ஆபரேட்டர் திரையைச் சோதிப்பது. ஆக்ட்-ஆர் கணக்கில் ஒரு விதி இயங்க 50 மில்லிநொடி, பார்வைக் கவனம் இடம் மாற 85 மில்லிநொடி. இதை வைத்து, சிவப்பு விளக்கைக் கண்டு பொத்தானை அழுத்த எவ்வளவு நேரமாகும் என்பதைத் திரை வரையும்போதே மதிப்பிடலாம். ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியின் (PLC) நிரல் இருந்தபடியே இருக்கட்டும்.